இடது பக்கத்து மூட்டு

எனக்குப் பயம் ஜாஸ்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லுவார், அது எனக்குப் பிடிக்காது. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பேன். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் எங்கே தொங்குகிறது என்று பார்த்த பிறகுதான் உட்காருவேன். பெண் ஸ்வேதா வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் போன் மேல் போன் போடுவேன். அதனாலேயே என் போனை வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

அவர் பெயர் அழகேசன். மின்சாரத் துறையில் லைன்மேன். புயல் காற்றில் கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு கீழே இருப்பவனிடம் பீடி இருக்கிறதா என்று கேட்கிற ஆள். அவருடைய தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து இந்தத் தீவில்தான் குடும்பம். மெயின்லேண்டுக்குப் போனால் தலை வலிக்கிறது என்பார். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டுக்கு மேலே, மலைச்சரிவில் எங்கள் வீடு. படகு ஏறும் ஜெட்டிக்குப் போக வேண்டுமென்றால் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்காகத்தான் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அது எனக்கு ஒரு சக்களத்தி.

போன மாதத்திலிருந்து அந்தச் சக்களத்தி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொக் டொக்கென்று முனக ஆரம்பித்தாள். முன் டயர்கள் இரண்டும் உள்பக்கமாகவே தேய்ந்திருந்தன. அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிடுங்கப் போகிற பல்லைப் போல அது ஆடியது.

"பால் ஜாயின்ட் போச்சு, நளினி. ரெண்டு பக்கமும்."

"அப்படின்னா?"

"சக்கரத்தை வண்டியோட சேத்துப் பிடிக்கிற மூட்டு. நமக்கு இடுப்பு மூட்டு இருக்குல்ல, அது மாதிரி."

"அது கழண்டா?"

"கழலாது."

"கழண்டா?"

"சக்கரம் மடங்கிப் படுத்துக்கும்," என்றார், ஏதோ மாடு படுத்துக்கொள்வதைப் போல.

போனது ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. அதற்காக மழைக்கு முன்னால் வண்டிக்கு அடியில் எல்லோரும் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவார்கள். இவர் பூசுவது இல்லை, குளிப்பாட்டுவார். இரும்பு தப்பித்தது. மூட்டுக்கு மேல் இருக்கிற ரப்பர் உறை எண்ணெயில் ஊறி, உப்பி, கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் ஒழுகிவிட்டது. நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சொல்லவில்லை, எனக்கு மட்டும் என்ன தெரியும்.

புது மூட்டுகள் சென்னையிலிருந்து கப்பலில், தெரிந்தவர் ஒருவருடைய பையில், ஊறுகாய் பாட்டிலோடு வந்து சேர்ந்தன. எங்கள் மெக்கானிக் தங்கை கல்யாணத்துக்காக மெயின்லேண்ட் போய்விட்டான், திரும்ப டிக்கெட் கிடைக்கவில்லை. அக்கரையில் போர்ட் பிளேரில் ஒர்க்‌ஷாப் இல்லாமல் இல்லை. இந்த மூட்டோடு மலையிறங்கி, வண்டிப் படகில் ஏற்றி, சாத்தம் ஜெட்டியில் இறக்கி ஓட்டிப் போக வேண்டும். அதற்கு அவரே கொஞ்சம் யோசித்தார்.

"வீட்டுலயே மாத்திடறேன். வீடியோ பாத்துட்டேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வேலை தொடங்கியது. எனக்குக் கொடுத்த வேலை டார்ச் பிடிப்பதும், சின்னச் சாமான்களை வைத்துக்கொள்வதும். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டியின் சட்டத்துக்கு அடியில் தள்ள வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது. அவர் தலையில் அடித்துக்கொண்டு தள்ளிவைத்தார்.

வலது பக்கம் மத்தியானத்துக்குள் முடிந்தது. துருப்பிடித்த நட்டு மண்ணெண்ணெயில் ஊறி, அவருடைய வாயில் வந்த எல்லா ஹிந்திக் கெட்ட வார்த்தையையும் கேட்டுவிட்டுத்தான் கழன்றது. சுத்தியலால் அவர் அடித்த ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. பக்கத்தில் சுருண்டிருக்கிற ஸ்பிரிங் வண்டியின் பாதி பாரத்தைத் தாங்கி நிற்கிறது, அது தெறித்தால் மனிதனின் முகம் இருக்காது என்று நானும் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் டார்ச் வெளிச்சம் அதன்மேலேயே நின்றது. "எனக்குக் காட்டு, அதுக்கு எதுக்கு லைட்டு?" என்று அடியிலிருந்து கத்தினார்.

மூட்டைப் பொருத்திய பிறகு செய்ய வேண்டியது இரண்டே காரியம். பல்பல்லாக வெட்டிய ஒரு நட்டை நீளமான ஸ்பேனரால் இறுக்க வேண்டும். அந்த நட்டு தானாகக் கழலாமல் இருக்க, குறுக்கே ஒரு பின்னைச் செருகி வளைக்க வேண்டும். கொண்டை ஊசியைவிடக் கொஞ்சம் தடித்த பின். காட்டர் பின் என்று பெயர். இறுக்கி முடித்ததும் "பின்" என்று கையை நீட்டுவார், நான் நைட்டிப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். வலது பக்கம் அப்படித்தான் நடந்தது.

இடது பக்கம் புது மூட்டு உட்கார்ந்துவிட்டது. அவர் மல்லாந்து படுத்து நட்டை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேனருக்குக் கை நீட்டினார். அதை எடுக்க நான் குனிந்தபோது ஜீப் மெல்ல நடுங்கியது.

அவர்தான் எதையோ அசைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வாளியில் தண்ணீர் வட்டம் வட்டமாக அலைந்தது. தென்னை மட்டைகள் காற்றில்லாமல் உரசின.

"ஏங்க, ஆடுது! பூகம்ப்!"

அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு அவருடைய இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. முதுகு சிராய்க்க அவர் வெளியே வந்தார். அவர் எழுந்து உட்கார்வதற்குள் ஜாக்கி சாய்ந்தது. வண்டி தடாலென்று இறங்கி, அடியில் கிடந்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது. சக்கரம் இல்லாமலிருந்தால் எங்கே உட்கார்ந்திருக்கும் என்று நாங்கள் இருவரும் பார்த்தோம்.

நிலம் ஆடினால் எங்கள் தீவில் யாரும் நின்று யோசிப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு அப்படித்தான். அடுப்பில் பால் இருக்கட்டும், குளித்துக்கொண்டிருக்கட்டும், போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். எங்கள் வீடு ஓரளவு உயரத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் கால்கள் கேட்பதில்லை. ஸ்வேதாவை உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினோம். தெருவே அங்கே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடல் ஒன்றும் செய்யவில்லை. பயமில்லை என்று எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்த பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினோம்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. அவர் வண்டியை மறுபடி தூக்கினார். அடியில் போகவில்லை, வெளியே இருந்தபடியே கையைவிட்டு நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கு," என்றார்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. சலோ, சக்கரத்தைப் பிடி."

சக்கரத்தை மாட்டினோம். அவர் குளிக்கப் போனார். நான் சாமிக்கு விளக்கேற்றினேன்.

திங்கட்கிழமை காலை ஸ்வேதாவுக்கு போர்ட் பிளேரில் நர்ஸ் வேலைக்கு நேர்முகம். ஜெட்டி வரைக்கும் அப்பா ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. எதிர்வீட்டு சொர்ணம்மா அக்காவும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்று ஏறிக்கொண்டார். சொர்ணம்மா அக்கா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். சுனாமியன்று அங்கே கணவரையும் மகனையும் கடல் கொண்டுபோன பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார்.

வண்டி கிளம்பிப் போனது. டொக் டொக் சத்தம் இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

துணி துவைக்க உட்கார்ந்தேன். நேற்றுப் போட்டிருந்த நைட்டியைச் சோப்பு போட்டுக் கசக்கும்போது விரலில் ஏதோ குத்தியது. பாக்கெட்டுக்குள் கையைவிட்டேன். காட்டர் பின். வளைக்காத, புத்தம்புது பின்.

எனக்குப் புரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. இறுக்கிய பிறகுதான் அவர் பின் கேட்பார். இடது பக்கத்துக்கு அவர் பின் கேட்கவே இல்லை. கேட்கவில்லை என்றால் இறுக்கவும் இல்லை. ஸ்பேனர் அவர் கைக்குப் போகும் முன்புதான் நிலம் ஆடியது. விரலால் சுற்றிய அந்த நட்டுதான் இப்போது என் பெண்ணைத் தாங்கிக்கொண்டு மலையிறங்குகிறது.

சோப்புக் கையோடு போனை எடுத்தேன். அவர் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். ஸ்வேதாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். அம்மாதானே, எதற்கோ பயந்திருப்பாள் என்று நினைத்திருப்பாள். அவள்மேல் என்ன தப்பு, நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. அடுத்த முறை எடுத்தாள்.

"என்னம்மா? ஃபைல் எல்லாம் எடுத்துட்டேன்மா."

"வண்டியை நிறுத்தச் சொல்லுடி. பின் எங்கிட்ட இருக்கு. நட்டு இறுக்கல. அப்பாகிட்ட சொல்லு, உடனே நிறுத்தச் சொல்லு!"

அவள் அப்பாவிடம் சொல்வது கேட்டது. அவர் ஏதோ சொன்னார். சிரித்தார்.

"அப்பா நேத்தே தொட்டுப் பாத்துட்டாராம்மா. ஜெட்டியில நிறுத்திப் பாத்துக்கறாராம். படகு போயிடும்மா, டென்ஷன் ஆகாதே."

"எங்கடி இருக்கீங்க?"

"குவாரிக்கு மேல."

குவாரிக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. இடது சக்கரத்தின்மேல் மொத்த பாரமும் சாய்கிற வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புகூட இல்லாமல் நேரே கீழே மாங்குரோவ் சேறு. அங்கே அந்தச் சக்கரம் படுத்துக்கொண்டால்?

நான் கெஞ்சினால் அவர் நிறுத்த மாட்டார். அழுதாலும் நிறுத்த மாட்டார். இத்தனை வருடமாக அழுது அழுது அந்தக் காசையெல்லாம் செலவழித்துவிட்டேன். இந்தத் தீவில் ஒரு மனிதனை ஓடுகிற வண்டியை நிறுத்த வைக்க ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. அதை யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னேன்.

"ஸ்வேதா, கடல் உள்வாங்குதுடி! இங்கேருந்து தெரியுது. ஓடுங்க!"

அந்தப் பக்கம் அவள் "அப்பா!" என்று அலறியது கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் ஓடுங்க என்றேன். அவர் இறங்கி ஓடுவாரா, வண்டியோடு ஓடுவாரா? அந்தக் குறுகலான ரோட்டில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்பி, முழு வேகத்தில் மேட்டில் ஏற்றினால், கழன்றுகொண்டிருக்கிற மூட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? வளைவில் ஒருவேளை தப்பித்திருப்பார்கள். நானே என் வாயால் அவர்களைத் தள்ளிவிட்டேனோ? மறுபடி மறுபடி போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் ஹிந்தியில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். செருப்பு முதல் இறக்கத்திலேயே கழன்றுபோனது. ஒவ்வொரு திருப்பத்திலும் என் கண் ரோட்டைப் பார்க்கவில்லை, ஓரத்தைத்தான் பார்த்தது. செடி எங்காவது நசுங்கியிருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா. ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது, மாடு படுத்த தடம். கடவுளே கடவுளே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடவுளுக்கும் என் போன் பழகிப்போயிருக்கும்.

குவாரி வந்தது. அதைத் தாண்டி ரோடு வளையத் தொடங்கும் இடத்தில் ஜீப் நின்றது. நடு ரோட்டில், கதவுகள் திறந்தபடி, இன்ஜின் ஓடிக்கொண்டே. உள்ளே யாரும் இல்லை. பின்னால் ஒரு ஆட்டோவும் அப்படியே ஆளில்லாமல் நின்றது.

யாரையும் கூப்பிடவில்லை. ரோட்டில் படுத்து இடது சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நட்டு நுனிக்கு வந்திருந்தது. கடைசி மரையில் தொங்கியது. தொட்டேன். சுற்றியது. இன்னும் ஒரு சுற்றில் என் உள்ளங்கையில் விழுந்திருக்கும். கையை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, ரோட்டில் குப்புறக் கிடந்தபடியே.

"நளினி!"

பாறைக்கு மேலே சரிவிலிருந்து அவர் சறுக்கி இறங்கி வந்தார். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. "நீ எதுக்குடி கீழ வந்தே? மேல ஏறு!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் சக்கரத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கடல்?" என்றார்.

"கடல் இருந்த இடத்துலதான் இருக்கு."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கிண்டல் செய்வார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் எழுந்துபோய் இன்ஜினை அணைத்தார். "வளைவைத் தாண்டி ஜெட்டியில நிறுத்தலாம்னுதான் நெனச்சேன். அவ கத்தின கத்துல இங்கயே மிதிச்சேன்," என்றார்.

ஆட்டோக்காரன் சரிவிலிருந்து இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐசா மஜாக் மத் கரோ தீதி," என்றான். இப்படி விளையாடாதீங்க அக்கா என்று அர்த்தம். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஸ்வேதா எங்க?"

அவர் மேலே கை காட்டினார். "சொர்ணம்மா அக்கா இழுத்துட்டு ஏறினாங்க. நான்கூட அவ்வளவு வேகமா ஏறல. கூப்பிட்டா இறங்க மாட்டேங்கறாங்க."

நான் ஏறினேன். கல்லையும் வேரையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய சரிவு அது. கண் சரியாகத் தெரியாத, முட்டி வலிக்கிற ஒரு மனுஷி இதில் எப்படி ஏறினார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மேலே ஒரு பெரிய மரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கை மரத்தைச் சுற்றியிருந்தது. இன்னொரு கை ஸ்வேதாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடித்த இடத்தில் ஸ்வேதாவின் கை வெளுத்துப்போயிருந்தது. நேர்முகத்துக்காக நான் இஸ்திரி போட்ட சுடிதார் முழுக்க மண்.

"வாம்மா நளினி, நீயும் வந்துட்டியா? இங்கன உக்காரு. இந்தப் பக்கம் உக்காரு, வேர் இருக்கு, பிடிச்சுக்க," என்றார் சொர்ணம்மா அக்கா.

"அக்கா, ஒண்ணும் இல்லக்கா. இறங்கலாம்."

"தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?"

"தண்ணி வரலக்கா."

"அப்ப இனிமேதான் வரும்," என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. மழை வரும் என்று சொல்கிற மாதிரி.

ஸ்வேதா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் அக்காவின் முன்னால் மண்டியிட்டேன். "அக்கா, நான் சொன்னது பொய்க்கா. வண்டியில நட்டு கழண்டிருந்துச்சு. வண்டிய நிறுத்தணும்னு பொய் சொன்னேன். கடல் உள்வாங்கல. எதுவும் இல்ல. என்னை மன்னிச்சிருங்கக்கா."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். அவருடைய மங்கிய கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ. பிறகு கடலைப் பார்த்தார். கீழே துறைமுகம் வெயிலில் தெரிந்தது. சாத்தமுக்குப் போகிற படகு ஜெட்டியை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்வேதா ஏறியிருக்க வேண்டிய படகு.

"பொய்யா இருந்தா நல்லதுதானே புள்ள," என்றார். "ஆனா அது உனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கும் இப்படித்தான் கிடந்துச்சு, ஒண்ணும் தெரியாத மாதிரி. என் மவன் செருப்பு எடுத்துட்டு வரேன்னான். நானும் சரின்னு கைய விட்டேன்."

ஸ்வேதாவின் மணிக்கட்டிலிருந்த அவருடைய பிடி தளரவில்லை. ஸ்வேதா மெல்ல நகர்ந்து அவருடைய தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள், கையை உருவாமல்.

கீழேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "நளினி, என்ன ஆச்சு? இறங்கி வாங்க!"

"நீங்க மேல வாங்க," என்றேன்.

அவர் ஏறி வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு ஸ்வேதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நான் சொர்ணம்மா அக்காவின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் சொன்ன வேரைப் பிடித்துக்கொண்டேன். கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. எப்போது இறங்கலாம் என்று இனி அக்காதான் சொல்ல வேண்டும்.